ஆணியில் ஒரு சந்தன மாலை

என் வாய் சரியில்லை என்று தென்காசியில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்குச் சோறு போடுவதே அந்த வாய்தான். குத்துக்கல்வலசையில் ஒரு மாடியில் ஜிம் வைத்திருக்கிறேன். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று எங்கெங்கோ அலைந்து, பொடி கலக்கிக் குடித்து, ஒன்றும் நடக்காமல் கடைசியாக என்னிடம் வருவார்கள். "அங்கன போ, ஏசியே கரைச்சிருவான்" என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். எங்கள் பக்கம் திட்டுவதற்கு ஏச்சு என்று பெயர்.

நான் ஒன்றும் ஏச வேண்டும் என்று நினைத்துத் தொழிலுக்கு வரவில்லை. ஆரம்பத்தில் எல்லாரையும் சார், அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். "சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு சார், முடியும் சார்" என்று நாலு மாதம் கெஞ்சினேன். அரைக் கிலோ இறங்கவில்லை. ஒரு நாள் எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. அவர் இரண்டு தண்டால் எடுத்துவிட்டு அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டார். "ஏலே சவமே, படுத்துக் கெடக்கதுக்கு ஒன் வீட்டுல கட்டில் இல்லையாலே? இங்கன எதுக்கு வாரே?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு எனக்கே திக்கென்று ஆகிவிட்டது. மனிதர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பார்த்தால், முகம் சிவக்க இருபது தண்டால் எடுத்தார். அந்த மாதம் மூன்று கிலோ இறங்கினார். அவரே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். மாடிப்படி ஏறி உள்ளே வந்துவிட்டால் சாரும் கிடையாது, அண்ணாச்சியும் கிடையாது. ஐம்பது வயதுக்காரரும் எனக்கு 'ஏலே'தான். ஒவ்வொரு ஆளுக்கும் எங்கே தொட்டால் வலிக்கும் என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஒருத்தனுக்குப் பெண் பார்த்துப் பார்த்துத் தட்டிப் போயிருக்கும். ஒருத்தனை அவன் பிள்ளையே கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் அப்பா என்று சொல்லக் கூச்சப்படும். அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்துவேன். ஓடுவார்கள். வெளியே போர்டில் இதற்கு மோட்டிவேஷன் என்று எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்னி நட்சத்திரம் முடிகிற சமயத்தில், ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் அச்சன்புதூரில் உரக்கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பாரி உடம்பு. தங்கை அந்தச் சின்ன மாடிப்படியை ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். கண் இரண்டும் மஞ்சள். கை குச்சி குச்சியாக, வயிறு மட்டும் உப்பி. காலில் ஆம்பிளைச் செருப்பு. பாதம் வீங்கிப் போய்த் தன் செருப்பு எதுவும் நுழையாததால் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பேசியதெல்லாம் தங்கைதான்.

"தம்பி, எனக்கு ஈரல் சுருங்கிப் போச்சு. மாத்தினாத்தான் பொழைப்பேன்னுட்டாவ. எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் சேரல. எம்மவளுக்குச் சேருது, காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கா, நான் தாரேன்னு ஒத்தக்கால்ல நின்னா. அன்னைக்கு வீட்டுல எல்லாரும் இருந்தாவ. எங்க அண்ணன் எந்திரிச்சு நின்னு, 'தாய்மாமன் நான் ஒருத்தன் உசுரோட இருக்கும்போது பொட்டப்புள்ள வயித்துல கத்தி வைக்கதா? நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா? என் ஈரல எடுத்துக்கோ'ன்னு சொல்லிட்டான். சொந்தக்காரங்க அத்தன பேரும் அழுதுட்டாவ."

அண்ணன் அப்போது டம்பெல் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருமையில் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கு ஆள் பார்க்கத் தெரியும் என்று ஒரு திமிர் உண்டு, அன்றைக்கு அது எங்கே போய்த் தொலைந்ததோ.

சென்னையில் பரிசோதனை செய்து பார்த்ததில் அண்ணனின் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. பன்னிரண்டு கிலோ இறக்கிவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் தங்கை தாங்குவது கஷ்டமாம். மெஷினில் ஏறச் சொன்னேன், நூற்று நாலு காட்டியது. ஆவணி பிறப்பதற்குள் தொண்ணூற்று இரண்டு ஆக வேண்டும்.

"எறக்கிருவேன்க்கா. என் ஜிம்முல எறங்காத ஆளே கெடையாது" என்றேன்.

அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை அனலாய்ச் சுட்டது. "அவனுக்கு வயித்தப் பத்திப் பேசினா கோவம் வரும், பாத்து ஏசுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நான் பார்த்து ஏசவில்லை. தங்கையின் போட்டோ ஒன்றை அனுப்பச் சொன்னேன். நோய் வருவதற்கு முன்னால் ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது, கன்னம் நிறையச் சிரித்துக்கொண்டு. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, டிரெட்மில்லுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டினேன். ஓடுகிறவன் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியக் கூடாது. அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடையில் சந்தனச் சீவலில் கட்டிய மாலை கிடைக்கும், செத்தவர்கள் போட்டோவுக்குப் போடுவது. அதில் ஒன்று வாங்கி வந்து, போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

"இன்னும் பன்னிரண்டு கிலோ இருக்கு. எறங்கலன்னா மாலைய இந்த ஆணிலேருந்து எடுத்து அந்தப் போட்டோவுல மாட்ட வேண்டியதுதான். ஒன் சவுரியம் எப்படிலே?" என்றேன்.

பெஞ்சில் இருந்த வக்கீல் ஒருவர் எழுந்து வந்து, "இது வேண்டாம் மாஸ்டர், பாவம்" என்றார். "ஒன் தொப்பைக்கு என்ன வழின்னு மொதல்ல பாருலே" என்று அவர் வாயை அடைத்தேன். அண்ணன் அந்த மாலையைப் பார்த்தபடியே நாற்பது நிமிடம் ஓடினார். இறங்கிப் பாத்ரூமில் போய் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. இப்படி ஒரு யோசனை வேறு எவனுக்கு வரும் என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

முதல் மாதம் நாலு கிலோ இறங்கியது. அடுத்த மாதம் முள் அசையவே இல்லை.

என்னிடம் வருகிற எல்லாரும் சாப்பிடுவதற்கு முன்னால் தட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். அண்ணனும் ஒரு வேளைகூடத் தவறாமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். காலையில் இரண்டு கேப்பைத் தோசை, மத்தியானம் காய், ராத்திரி மறுபடி தோசை. சரியாகத்தானே தின்கிறான், பிறகு ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தோசையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருகல். முந்தின நாள் தோசையிலும் அதே கருகல், அதே இடத்தில். அதற்கு முந்தின வாரமும் அதே. மேசைக்குப் பின்னால் தெரிந்த தினசரிக் காலண்டரில் பதினெட்டு நாளாக ஒரே தேதி. ஒரே ஒரு போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தினமும் அனுப்பியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அக்கா சாகக் கிடக்கிறாளே என்ற கோபமா அது? இல்லவே இல்லை. என்னையே ஒருத்தன் ஏமாற்றிவிட்டானே என்ற கோபம்.

அது ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடம் குற்றாலச் சாரல் பிந்தி ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. வழக்கம்போலக் காலை பேட்ச் ஆட்களோடு பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தோம். குளித்து முடித்து அவர்கள் கிளம்பியதும், நான் பைக்கில் செங்கோட்டை தாண்டிப் புளியரை ரோட்டில் ஒரு சோலியாகப் போனேன். வழியில் ஒரு பரோட்டாக் கடை முன்னால் அவருடைய கார் நின்றது.

உள்ளே போனேன். மூலை மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இலையில் பரோட்டா, நாட்டுக்கோழி, சால்னா. நான் அவருக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பசிக்குத் தின்கிறவன் அப்படித் தின்ன மாட்டான். நாக்குச் செத்துப் போய் ஆசைக்குத் தின்கிறவனும் அப்படித் தின்ன மாட்டான். பிள்ளைகள் கசப்பு மருந்தை முழுங்குகிற மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு வாயாக உள்ளே தள்ளினார். தண்ணீர் குடித்தார், மறுபடி தள்ளினார்.

எதிரே போய் உட்கார்ந்தேன். பயந்து போய்க் கையை உதறினார். "மாஸ்டர்" என்றார்.

"என்ன மாஸ்டர்? நல்லா தின்னுலே. அங்கன ஒன் தங்கச்சி கஞ்சித் தண்ணி எறங்காமக் கெடக்கா, நீ கோழிக்காலக் கடி."

அவர் அழ ஆரம்பித்தார். எச்சில் கையோடு, நாலு பேர் பார்க்க, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார்.

"எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர். அன்னைக்கு அவ்வளவு பேரு முன்னால வேகத்துல சொல்லிட்டேன். சொன்ன நாள்லேருந்து தூக்கம் இல்ல. வயித்தக் கிழிச்சு வச்ச மாதிரி கனா வருது. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைய இருக்கு, நான் செத்துட்டா? இப்பப் போய் மாட்டேன்னு சொன்னா ஊரு காறித் துப்பாதா? கூடப்பொறந்தவ மூஞ்சில எப்படி முழிக்க? ஒடம்பு எறங்கலன்னு ஆயிட்டா டாக்டரே வேண்டாம்னுருவாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. 'நானும் என்னெல்லாமோ பண்ணிப் பாத்தேன், இவரு ஒடம்பு எறங்க மாட்டேங்குது'ன்னு எங்க வீட்டுல சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாவ."

என் காலைத் தொட மேசைக்குக் கீழே குனிந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாமே விளங்கியது. இந்த மனிதர் கொடுக்கப் போவதில்லை. கொடுக்க அக்காவின் மகள் தயாராக இருக்கிறாள். நான் அந்த வீட்டுக்குப் போய் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். அண்ணன் மானம் தப்பும், அக்காவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் கையில் இருக்கும். இது அவ்வளவும் அந்தக் கடையில், சால்னா வாடையில், ஒரே நிமிடத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் அந்தப் பொய்யை நான் சொன்னால், என் ஜிம்மில் உடம்பு இறங்காத ஒருத்தன் உண்டு என்று ஆகிவிடும். அதை என் வாயால் சொல்லச் சொல்கிறான் இந்த மூதி.

போனை எடுத்து அவரை அப்படியே ஒரு போட்டோ எடுத்தேன். இலை, கோழி எலும்பு, அழுத மூஞ்சி எல்லாம் விழுந்தது.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வாரே. இனிமே ஒரு நாள் ஏமாத்துனாலும் இது நேரா ஒன் தங்கச்சி போனுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வெளியே நல்ல சாரல், காற்றும் குளிர்ச்சியாக இருந்தது. விசில் அடித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

பயத்தில் மூன்று கிலோ இறங்கினார். தொண்ணூற்று ஏழில் மறுபடி நின்றது. ஆடி பிறந்துவிட்டது. வக்கீல் ஒரு நாள் எல்லார் முன்னாலும், "என்ன மாஸ்டர், கடைசில ஒருத்தன் ஒமக்கே தண்ணி காட்டிட்டான் போலயே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு, போனை எடுத்து அந்தப் பரோட்டாக் கடைப் போட்டோவைத் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். 'உங்க அண்ணன் லட்சணத்தைப் பாருங்க' என்று ஒரு வரியும் போட்டேன்.

அரை மணி நேரம் கழித்து அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. துணி மாற்றுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"தம்பி, போட்டோ பாத்தேன். அவன் திங்கத எத்தன வருசமாப் பாக்கேன், எனக்குத் தெரியாதா அது ஆசைக்குத் திங்கதா பயத்துல திங்கதான்னு? அவனுக்கு ஊசின்னாலே பயம் தம்பி. பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்தாவன்னா செவரேறிக் குதிச்சு வீட்டுக்கு ஓடியாந்துருவான். அவன விட்டுருங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. நேர்ல நான் சொன்னா அழுவான், என்னால பாக்க முடியாது. வீட்டுல கேட்டா ஒடம்பு எறங்கலன்னு நீங்களே சொல்லிருங்க. எம்மவ காதுக்கு மட்டும் இந்தப் பேச்சு போவாண்டாம். அவ ஆப்பரேசனுக்குப் போய்ப் படுத்துக்கிடுவா. அவ சின்னப்புள்ள, நல்லா இருக்கட்டும். அண்ணன ஏசாதீங்க தம்பி."

இரண்டு தடவை கேட்டேன். அண்ணன் எதைச் சொல்லச் சொன்னாரோ, வார்த்தை பிசகாமல் தங்கையும் அதையே சொல்லச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே பொய்யை என்னிடம் கேட்கிறார்கள். கல்லும் கரையும் என்பார்களே, நானும் கரையத்தான் செய்தேன். கொஞ்ச நேரம்தான். வெளியே வந்தபோது அண்ணன் டிரெட்மில்லில் ஏறி நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஐந்து கிலோ. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. வக்கீலின் இளிப்பு வேறு காதுக்குள்ளேயே கிடந்தது.

"ஒன் தங்கச்சிக்கு அந்தப் போட்டோவ அனுப்பிட்டேன்" என்றேன்.

அவர் கால் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பாத்துட்டாளா?"

"பாத்துட்டா."

"என்ன சொன்னா மாஸ்டர்?"

"என்னத்தச் சொல்லுவா? அழுதா."

இதுதான் நான் செய்தது. அழவில்லை அவர். உயிரோடு இருக்க ஆசைப்படுகிற ஒரு மனுஷி, அண்ணன் பயப்படுகிறானே என்று தன் உயிரை விட்டுக்கொடுத்தார். அதை அவன் காதுக்குப் போகாமல் நான் முழுங்கிவிட்டு, அழுதாள் என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் ஓடுவான் என்று தெரிந்தே சொன்னேன்.

ஓடினார். அன்றிலிருந்து அவரை நான் ஏசவே வேண்டியிருக்கவில்லை. காலையில் அஞ்சரைக்கு வருவார், சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு மறுபடி வருவார். தட்டுப் போட்டோவில் கால் தட்டுக்கூட இருக்காது. கன்னம் ஒட்டிப்போய்க் கண் உள்ளே போயிற்று. முள் இறங்கிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்று நாலு ஆனபோது தங்கையைத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், காய்ச்சல், வயிற்றில் சீழ் என்று. "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருதேன் மாஸ்டர், மூஞ்சியக் காட்டத்தான் வெக்கமா இருக்கு" என்றார்.

"போயி என்னத்தலே கொண்டுபோய்க் கொடுக்கப் போறே? ஹார்லிக்ஸா? எறக்கிட்டு ஈரலோட போ" என்றேன்.

போகவில்லை. ஒன்பது நாள் அவர் தங்கையைப் பார்க்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் மெஷினில் தொண்ணூற்று இரண்டு காட்டியது. ஜிம்மே கை தட்டியது, வக்கீலும் தட்டினார். நான் அவரைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். திங்கட்கிழமை சென்னைக்கு ரயிலில் டிக்கெட் போட்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அந்த அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணனே ஜிம்முக்கு வந்தார். யாரிடமும் பேசாமல் நேராகச் சுவருக்குப் போய் போட்டோவின் நாலு மூலையையும் நகத்தால் பைய உரித்து எடுத்தார். "வீட்டுல நல்ல போட்டோ ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு ஆணியிலிருந்து மாலையைக் கழற்றினார். மூன்று மாதத் தூசி படிந்திருந்தது, வாயால் ஊதித் தட்டினார்.

"வாங்குனது வாங்கியாச்சு. வீணாக்காண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் துஷ்டிக்குப் போனேன். வீட்டு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலியில் நான் பிரிண்ட் போட்ட போட்டோ, அதற்கு நான் வாங்கிய மாலை. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்கள் அண்ணனைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "கூடப்பொறந்தவளுக்காக எப்படி எளைச்சுப் போயிருக்கான் பாரும். பாதி ஆளாயிட்டான். இந்தக் காலத்துல எந்த அண்ணன் இப்படி இருப்பான்?" ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "நீங்கதான அவர எறக்குன மாஸ்டர்? பெரிய காரியம் தம்பி" என்று என் கையைப் பிடித்தார். அக்கா அன்றைக்குப் பிடித்த அதே கை. அக்காவின் மகள் ஓரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

அந்த ஆவணியில் எனக்குப் புதிதாகப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். அவருடைய முன்னும் பின்னுமான போட்டோ பார்த்து வந்தவர்கள்தான் எல்லாரும். போட்டோவை ஒட்ட வேறு இடம் இல்லாமல் டிரெட்மில்லுக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருந்தேன்.

அவர் இன்னும் வருகிறார். இப்போது எழுபத்தொரு கிலோ. வர வேண்டாம் என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதில்லை. பரோட்டாக் கடைப் பக்கம் போனாலே குமட்டுகிறது என்கிறார். மோட்டிவேஷன் என்று போட்டிருந்த போர்டை வெயிலில் வெளுத்துப் போயிற்று என்று சொல்லி எடுத்துவிட்டேன். யாரையும் பழையபடி ஏச வாய் வருவதில்லை. போன் மாற்றினேன். பழைய போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன், அந்தக் குரல் பதிவை மட்டும் புதுப் போனுக்கு ஏற்றிக்கொண்டேன். அவரிடம் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். போட்டுக் காட்டினால் அந்த மனிதர் என்னைக் கொன்றாலும் தகும். அதற்குத்தான் பயப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் என்னை ஒன்றும் செய்யாமல், அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் பயப்படுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் ஜிம்மில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஓடிக்கொண்டே கேட்டார்.

"மாஸ்டர், தங்கச்சி மவ நேத்து வந்தா. பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னா. ஆஸ்பத்திரில கடைசி நாலஞ்சு நாளும் தங்கச்சி வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாளாம். 'மாமன வரச் சொல்லுட்டி, பயப்படாம வரச் சொல்லு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம். அவ மவளுக்கு ஒண்ணும் புரியல, அம்மா காய்ச்சல் வேகத்துல கோட்டி புடிச்சு ஒளறுதான்னு நெனச்சு எனக்குச் சொல்லாம விட்டுட்டா."

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். போன் சட்டைப் பையில் இருந்தது.

"எம்மேல கோவமா இருந்தவ அப்படியா சொல்லுவா? ரெண்டு வருசமா அவ அழுதாங்கத நெனச்சு நெனச்சுத்தான் ஓடுதேன்." மெஷின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. "நெசமாச் சொல்லுங்க மாஸ்டர். அந்தப் போட்டோவப் பாத்து அவ அழுதாளா?"

பேங்க் மேனேஜரை ஏசிய நாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அழுதாவ அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். கையை நீட்டி அவரே வேகத்தை ஒன்று கூட்டிக்கொண்டார்.